சேர்வரை நிறைக்கும் லொக்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிளிநொச்சியில் என்னிடம் பயிற்சிக்கு வரும் பிள்ளைகள் கெட்டிக்காரர்கள். ஆனால் போன கிழமை ஒரு தங்கச்சி தன் சேர்வரைத் திறந்து காட்டியபோது எனக்குத் திக்கென்றது. முன்பு நான் விட்ட அதே பிழை அங்கே இருந்தது. எல்லாருக்கும் தெரிந்த சின்னத் தவறுகளை விட்டுவிட்டு, உண்மையில் இழப்பு ஏற்படுத்துபவற்றை மட்டும் சொல்கிறேன். லொக் என்பது, செயலி தான் செய்வதை வரிவரியாக எழுதிவைக்கும் பதிவு.

லொக் எழுத எந்தக் கருவியை எடுப்பது என்று நாட்கணக்கில் யோசித்தல்

பைதனில் மொழியோடு வரும் லொக்கிங் போதும். நோடில் (சேர்வரில் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட்) பினோ அல்லது வின்ஸ்டன். ஜாவாவில் உங்கள் கோட் எஸ்எல்எஃப்4ஜே என்ற பொது இடைமுகத்தை மட்டும் கூப்பிடட்டும். பின்னால் உண்மையில் எழுதும் கருவியாக லொக்பேக் இருந்தாலும் லொக்4ஜே 2 இருந்தாலும் சரி, பிறகு மாற்றுவது சுலபம்.

பழைய புரொஜெக்டைக் கொப்பி பண்ணும்போது பழைய லொக்4ஜேயும் கூடவே வந்துவிடும், அதைப் பாருங்கள். அதன் 1ஆம் பதிப்புக்கான ஆதரவு 2015இலேயே முடிந்துவிட்டது. 2ஆம் பதிப்பில் 2021 டிசம்பரில் வெளியே தெரியவந்த லொக்4ஷெல் ஓட்டையால், லொக்கில் எழுதப்படும் ஒரு வரி வழியாகவே வெளியாள் ஒருவர் உங்கள் சேர்வரில் தன் புரோகிராமை ஓட்டலாம். 2.17.1 அல்லது அதற்குப் பிந்தியதை எடுங்கள்.

அளவில்லாமல் வளரவிடுதல்

காலபோக அறுவடை நேரம். ஒரு நெல் கொள்வனவு நிலையத்துக்குச் செயலி செய்து கொடுத்திருந்தோம். ஒரு நாள் காலையில் அழைப்பு வந்தது: "தம்பி, பில் அடிக்குதில்லை. உழவு மிசின் எல்லாம் றோட்டில நிக்குது."

40 ஜிபி டிஸ்க்கில் 31 ஜிபி ஒரே லொக் ஃபைல். லொக்பேக்குக்கு அமைப்பு ஃபைல் வைக்காவிட்டால் அது டீபக் நிலையில், அதாவது பிழை தேட உதவும் சின்ன விபரங்களையும் சேர்த்து, எழுதும். நாங்கள் வைக்கவில்லை. திரைக்கு வருவதை அப்படியே ஒரு ஃபைலுக்குத் திருப்பிவிட்டிருந்தோம். டேற்றாபேஸுக்குப் போன ஒவ்வொரு கேள்வியும் அதற்குள் விழுந்தது. அந்த டேற்றாபேஸான போஸ்ட்கிரஸும் அதே டிஸ்க்கில்தான். எழுத இடமில்லாமல் அதுவும் நின்றுவிட்டது.

பதற்றத்தில் லொக்கை அழித்தேன். இடம் கூடவேயில்லை. லினக்ஸில் ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம் ஒரு ஃபைலைத் திறந்து வைத்திருக்கும் வரைக்கும், அதை அழித்தாலும் இடம் திரும்பி வராது. இது விளங்க ஒன்றரை மணித்தியாலம் போனது. செயலியை நிறுத்தித் திரும்ப ஓடவிட்டதும் இடம் வந்தது. ஆனால் எந்தெந்தப் பற்றுச்சீட்டு அரைகுறையில் நின்றது என்பதற்கு இருந்த ஒரே சாட்சியும் அந்த லொக்தான். அதை நானே அழித்துவிட்டேன். பின்னேரம் வரை ஒவ்வொரு விவசாயியின் துண்டையும் வாங்கி, கையால் சரிபார்த்தோம். விடியவே நெல் ஏற்றிக்கொண்டு வந்து வெயிலில் காத்து நின்றவர்களை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் கோபம் வருகிறது.

சரி, என்ன செய்ய வேண்டும்? பாவனையில் உள்ள சேர்வரில், டீபக் விபரங்களை விட்டுவிட்டு எழுதும் இன்ஃபோ நிலை போதும். லொக்பேக்கில் ஃபைலைச் சுழற்றும் முறையை (புது ஃபைல் தொடங்கி, பழையவற்றை நீக்குவது) போட்டு, ஒரு ஃபைலின் அளவு, எத்தனை நாள் வைத்திருப்பது, மொத்த அளவு மூன்றையும் எழுதுங்கள். மொத்த அளவை மட்டும் எழுதி நாட்களை விட்டால் அந்த எல்லை வேலை செய்யாது. பலர் கோட்டை விடுவது இங்கேதான். செயலிகளைத் தனித்தனிப் பெட்டிகளில் ஓட்டும் டொக்கரைப் பாவிப்பவர்களும் கவனியுங்கள்: அது வழமையாக லொக் எழுதும் ஜேசன் ஃபைல் முறைக்கு, நீங்கள் போடாதவரை எல்லையே கிடையாது. இடம் நிறைந்துவிட்டால் ஃபைலை அழிக்காமல், தேவையான பகுதியை வேறு இடத்துக்கு எடுத்துவிட்டு உள்ளடக்கத்தை வெறுமையாக்குங்கள்.

நேரம்

லொக்கில் நேரத்தை உலகப் பொது நேரமான யூடிசியில் எழுதுங்கள். அதோடு 5 மணி 30 நிமிடம் கூட்டினால் எங்கள் நேரம் வரும்.

பிழைச் செய்தியை மட்டும் எழுதுதல்

எக்செப்ஷனை (பிழை நேரும்போது புரோகிராம் எறியும் விபரம்) முழுதாகக் கொடுங்கள். செய்தி மட்டும் இருந்தால் எந்த வரியில் உடைந்தது என்று தெரியாது.

வருவதையெல்லாம் கொட்டுதல்

கடவுச்சொல் லொக்குக்குள் போகவே கூடாது. 2018 மே மாதம் ட்விட்டர் தன் உள் லொக்கில் கடவுச்சொற்கள் மறைக்கப்படாமல் பதிவானதைக் கண்டுபிடித்து, 330 மில்லியன் பாவனையாளர்களிடமும் அவற்றை மாற்றச் சொன்னது. அடையாள அட்டை இலக்கமும் அப்படித்தான்: பிறந்த ஆண்டு, நாள், ஆணா பெண்ணா எல்லாம் அந்த இலக்கத்திலேயே இருக்கிறது. நெல் செயலியில் இப்போது கடைசி மூன்று இலக்கம் மட்டுமே லொக்கில் தெரியும்.