மாவுச்சத்து குறைத்துச் சாப்பிடுபவர்களுக்கு நூடுல்ஸ்: எது ஆகும், எது ஆகாது, வீட்டில் அத்தோ (பர்மிய நூடுல்ஸ்) செய்வது எப்படி

மாவுச்சத்தைக் குறைக்கும் பேலியோ உணவுமுறையை ஆரம்பித்தவர்களும் சர்க்கரைக்காகச் சோற்றைக் குறைத்தவர்களும் சில வாரங்களில் நூடுல்ஸ் பக்கம் திரும்புவார்கள். சோறு இல்லையே, இது பரவாயில்லை என்று தோன்றும். பரவாயில்லையா என்பதை இரண்டு விஷயங்கள் முடிவு செய்கின்றன: எந்த மாவில் செய்தது, வேகவைப்பதற்கு முன் எத்தனை கிராம். பாக்கெட்டின் முன்பக்கத்தில் பெரிதாகப் போட்டிருக்கும் 'மைதா இல்லை', 'சிறுதானியம்', 'பொரிக்காதது' என்பதெல்லாம் இந்தக் கணக்கில் வராது.

அரிசி நூடுல்ஸில் 100 கிராமுக்கு 80 கிராமுக்கும் மேல் மாவுச்சத்து. கோதுமையில் செய்த ஹக்கா நூடுல்ஸில் 70 முதல் 75. சிறுதானிய நூடுல்ஸும் 70 கிராமை ஒட்டியே வரும். பலவற்றில் கோதுமை மாவும் கலந்திருக்கும், பின்பக்கம் திருப்பிப் பாருங்கள். ஜப்பானிய சோபா (பக்வீட்) நூடுல்ஸும் அப்படித்தான். 70 கிராம் இன்ஸ்டன்ட் பாக்கெட் ஒன்றில் 40 முதல் 45 கிராம். நம் இடியாப்பமும் சேவையும் இதே வரிசைதான்.

அதிகம் பேர் ஏமாறுவது கண்ணாடி நூடுல்ஸில். பச்சைப்பயறில் செய்தது என்றதும் புரதம் இருக்கும் என்று நம்பி வாங்குகிறார்கள். பயறிலிருந்து புரதத்தை நீக்கிவிட்டு ஸ்டார்ச்சை மட்டும் எடுத்துத்தான் அதைச் செய்கிறார்கள். 100 கிராமில் 85 கிராம் மாவுச்சத்து. அது ரத்தச் சர்க்கரையை மெதுவாக ஏற்றும் என்பது உண்மை. மெதுவாக ஏறுவது வேறு, மாவுச்சத்து குறைவாக இருப்பது வேறு.

இன்னொரு தவறு எடையில் நடக்கும். நூடுல்ஸ் வெந்ததும் தண்ணீர் குடித்து இரண்டரை, மூன்று மடங்கு எடை ஏறும். வெந்த நூடுல்ஸ் 100 கிராமில் சுமார் 25 கிராம்தான் மாவுச்சத்து என்று எங்கோ படித்துவிட்டு, உலர்ந்ததை 100 கிராம் நிறுத்துப் போட்டால் கணக்கு மூன்று மடங்கு தப்பும். எப்போதும் உலர்ந்ததையே தராசில் வையுங்கள்.

ஒரு நாளைக்கு 100 முதல் 130 கிராம் வரை மாவுச்சத்து எடுப்பவர்கள் சாதாரண நூடுல்ஸைக் கைவிட வேண்டியதில்லை. ஒருவருக்கு உலர்ந்த ஹக்கா நூடுல்ஸ் 30 கிராம் (சுமார் 22 கிராம் மாவுச்சத்து), அதோடு கோஸ், குடைமிளகாய், பீன்ஸ் சேர்ந்து 150 கிராம், இரண்டு முட்டை அல்லது 100 கிராம் கோழி. தட்டு நிறைந்துவிடும். தக்காளி சாஸ் ஊற்றாதீர்கள், சோள மாவு (கார்ன்ஃப்ளோர்) கரைத்து விடாதீர்கள். சோள மாவு ஒரு மேசைக்கரண்டிக்கே 7 கிராம். சோயா சாஸ், வினிகர், மிளகுத்தூள் போதும். நாளுக்கு 20 முதல் 50 கிராமுக்குள் நிற்பவர்களுக்கு இந்த அளவும் கட்டுப்படியாகாது. அவர்களுக்குக் கொஞ்சாக் நூடுல்ஸ்தான் வழி. ஷிராட்டாகி என்றும் விற்பார்கள்.

கொஞ்சாக் என்பது ஒரு கிழங்கு. அதன் நார்ச்சத்தைத் தண்ணீரில் கெட்டியாக்கி இழுத்த நூடுல்ஸ் இது. 100 கிராமில் 97 கிராம் வரை தண்ணீரே. மாவுச்சத்து என்று லேபிளில் இருப்பதும் பெரும்பாலும் நார்ச்சத்து. பாக்கெட்டைத் திறந்ததும் மீன் வாடை அடிக்கும். கெட்டுப்போய்விட்டது என்று தூக்கிப் போட வேண்டாம். கெட்டியாக்கச் சேர்க்கும் சுண்ணாம்பு நீரில் ஊறிய கொஞ்சாக்கின் இயல்பான வாடை அது. வடிதட்டில் கொட்டி, குழாய்த் தண்ணீரில் இரண்டு நிமிடம் அலசுங்கள். கொதிநீரில் மூன்று நிமிடம் போட்டு வடியுங்கள். பிறகு முக்கியமான வேலை: காய்ந்த இரும்புச் சட்டியில் எண்ணெய் விடாமல் ஐந்து முதல் ஏழு நிமிடம் வறுப்பது. முதலில் நீர் விட்டுக்கொண்டு கொதிக்கும், அப்புறம் ஆவி அடங்கும், கரண்டியால் புரட்டும்போது கிறீச் கிறீச் என்று சத்தம் வரும். அதுதான் பதம். இதைச் செய்யாவிட்டால் மசாலா ஒட்டாமல் தட்டின் அடியில் தண்ணீராக நிற்கும். கொஞ்சாக் பிடிக்கவில்லை என்பவர்களில் பலர் இந்த வறுவலைத் தவிர்த்தவர்கள்தான்.

கொஞ்சாக்குக்கு ருசி கிடையாது, ருசியை உள்ளே இழுக்கவும் செய்யாது. அதனால் சூப்பு வகைகளைவிட, புளி, பூண்டு, காரம் என்று மேலே பூசிப் பிசையும் அத்தோவுக்கு நன்றாகப் பொருந்தும். பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்கள் சென்னை பாரிமுனைப் பக்கம் கொண்டுவந்த அத்தோவில் ருசி நூடுல்ஸில் இல்லை; பொரித்த பூண்டிலும் வெங்காயத்திலும் அந்த எண்ணெயிலும் இருக்கிறது.

இரண்டு பேருக்கு: மேலே சொன்னபடி வறுத்த கொஞ்சாக் 200 கிராம், மெல்லியதாக நீளவாக்கில் சீவிய கோஸ் 150 கிராம், ஒரு நடுத்தர வெங்காயம், பூண்டு 8 பல், எண்ணெய் 3 மேசைக்கரண்டி, நெல்லிக்காய் அளவு புளி, கொரகொரப்பாக அரைத்த வரமிளகாய் ஒரு தேக்கரண்டி, பொட்டுக்கடலை மாவு 2 தேக்கரண்டி, அரை எலுமிச்சை, கொத்தமல்லி, வேகவைத்த முட்டை இரண்டு.

கோஸில் கால் தேக்கரண்டி உப்பு பிசிறிப் பதினைந்து நிமிடம் வைத்துப் பிழிந்துவிடுங்கள். வெங்காயத்தை மிதமான தீயில் பொன்னிறமாகப் பொரித்து எடுத்துவிட்டு, அதே எண்ணெயில் பூண்டுச் சீவலைப் போடுங்கள். பூண்டு வெளிர்பொன் நிறத்தில் இருக்கும்போதே இறக்குங்கள். எண்ணெயின் சூட்டிலேயே மீதி நிறம் ஏறும், கருகினால் முழுத் தட்டும் கசக்கும். புளியை மூன்று மேசைக்கரண்டி தண்ணீரில் மட்டும் கெட்டியாகக் கரையுங்கள். கொஞ்சாக்கைக் கத்தரியால் இரண்டு மூன்று வெட்டு வெட்டி, கோஸ், புளி, மிளகாய், பூண்டு எண்ணெய், தேவையான உப்பு சேர்த்துக் கையால் பிசையுங்கள். பொட்டுக்கடலை மாவைக் கடைசியில் தூவினால் மிச்ச ஈரத்தை அது இழுத்துக்கொள்ளும். மேலே பொரித்த வெங்காயம், எலுமிச்சை, மல்லி, கீறிய முட்டை. ஒருவருக்கு மாவுச்சத்து சுமார் 15 கிராம். கொஞ்சாக்குக்குப் பதில் கோதுமை நூடுல்ஸ் வெந்தது அதே 200 கிராம் போட்டால், ஒருவருக்கு நூடுல்ஸில் மட்டுமே 25 கிராம்.

கொஞ்சாக் கிடைக்காவிட்டால் கோஸையே 350 கிராமாக்கி, அதிக தீயில் இரண்டு நிமிடம் மட்டும் வதக்கிப் பயன்படுத்தலாம். முள்ளங்கியைப் பீலரால் நீள நாடாவாகச் சீவி ஒரு நிமிடம் கொதிநீரில் போட்டு வடித்தாலும் நன்றாக இருக்கும். கேரட் இனிப்பு, அளவாகப் போடுங்கள்.

அத்தோக் கடையில் சாப்பிடுவதென்றால் முட்டை மசாலாவை வாங்குங்கள், அத்தோவை ஒரு தட்டு வாங்கி மூன்று பேர் பகிருங்கள். வாழைத்தண்டு சூப்பில் கடலை மாவு கரைத்திருப்பார்கள், ஒரு கிண்ணத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

கொஞ்சாக்கை ஃப்ரீசரில் வைக்காதீர்கள், நீர் பிரிந்து ரப்பராகிவிடும். நன்றாக மென்று சாப்பிடுங்கள். விழுங்குவதில் சிரமம் உள்ளவர்களுக்கும் சின்னக் குழந்தைகளுக்கும் கொடுக்க வேண்டாம். மாத்திரை உடலில் சேர்வதை இந்த நார்ச்சத்து தாமதப்படுத்தும் என்பதால் மாத்திரைக்கும் சாப்பாட்டுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி விடுவது என்று மருத்துவரிடம் கேளுங்கள். இன்சுலின் போடுபவர்களும் கிளிமிபிரைடு போன்ற சர்க்கரை மாத்திரை எடுப்பவர்களும் மாவுச்சத்தைத் திடீரெனக் குறைத்தால் சர்க்கரை தாழ்ந்துபோகும். மருந்தின் அளவை மருத்துவரிடம் பேசி மாற்றிய பிறகே தொடங்குங்கள்.