ஸ்கூல் சோஷியல் வொர்க்கர் வேலைக்கு போறீங்களா? இந்த தப்பெல்லாம் பண்ணிடாதீங்க

ஜூன்ல ஸ்கூல் தொறக்கறப்போ எம்.எஸ்.டபிள்யூ (சோஷியல் வொர்க் மாஸ்டர் டிகிரி) முடிச்ச புது ஆளுங்க கொஞ்ச பேர் ஏதாவது ஒரு என்.ஜி.ஓ மூலமா சென்னை மாநகராட்சி ஸ்கூலுக்கு வந்து சேருவாங்க. வந்த மொத வாரமே எச்.எம் ஒரு லிஸ்ட்ட நீட்டுவாங்க, "எட்டாவது பி-ல இந்த பசங்க ரொம்ப ஆட்டம், நீங்க கொஞ்சம் பேசி திருத்திடுங்க மேடம்"னு. அத அப்படியே வாங்கிட்டு ஒவ்வொருத்தனையா ரூமுக்கு கூப்பிட ஆரம்பிச்சா அதோட முடிஞ்சது. சேட்டை பண்ணவன அனுப்பற எடம் உங்க ரூம்னு ஸ்கூல் முழுக்க பரவிடும், அதுக்கப்புறம் உண்மையிலேயே வீட்ல பிரச்சனை இருக்கற புள்ள எதுவும் அந்த பக்கம் தலைவச்சு கூட படுக்காது.

அதுக்காக முடியாதுன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லவும் முடியாது, எச்.எம் சப்போர்ட் இல்லாம அந்த காம்பவுண்டுக்குள்ள ஒரு வேலையும் நடக்காது. லிஸ்ட்ட வாங்கிக்கோங்க, கூடவே அட்டெண்டன்ஸ் ரெஜிஸ்டரையும் கேளுங்க. ஆட்டம் போடறவன் ஸ்கூலுக்கு வர்றான்ல, அதுவே பாதி நிம்மதி. வராதவங்களதான் பாக்கணும், அதுவும் எத்தன நாள் வரலங்கறத விட எந்தெந்த நாள் வரலங்கறத. திங்கக்கெழம மட்டும் லீவுன்னா ஞாயித்துக்கெழம நைட் வீட்ல என்ன நடக்குதுன்னு யோசிங்க, அப்பா குடிச்சிட்டு வந்த சண்டையா இருக்கலாம். பெரிய பொண்ணு மாசாமாசம் ரெண்டு மூணு நாள் காணோம்னா ஸ்கூல் டாய்லெட்ல தண்ணி வருதான்னு மொதல்ல போய் பாருங்க. தம்பிக்கு காய்ச்சல்னா அக்கா லீவு, ஏன்னா அம்மா வீட்டு வேலைக்கு போகலன்னா சம்பளம் புடிச்சிடுவாங்க. இதெல்லாம் கவுன்சிலிங் குடுத்து சரி பண்ற விஷயமே இல்ல, ஆனா இங்க எல்லாத்துக்கும் கவுன்சிலிங்னு ஒரு பழக்கம் ஆயிடுச்சு.

ஹோம் விசிட்ல நடக்கற கூத்து தனி. கழுத்துல ஐடி கார்டு, கையில ஃபைல், மத்தியானம் ரெண்டு மணிக்கு ஹவுசிங் போர்டு பிளாக்ல ஏறி "இந்த வீட்டு பையன் ஏன் ஸ்கூலுக்கு வர்றதில்ல"ன்னு பக்கத்து வீட்ல விசாரிக்கறது. அடுத்த அரை மணி நேரத்துல பிளாக் பூரா தெரிஞ்சிடும், அந்த அம்மாவுக்கு ஆயுசுக்கும் உங்க மேல கோவம். அதுவும் அந்த நேரத்துல யார் வீட்ல இருப்பாங்க? கண்ணகி நகர், பெரும்பாக்கத்துல இருந்து மயிலாப்பூர், அடையாறுன்னு வேலைக்கு போறவங்க விடியறதுக்குள்ள பஸ் ஏறிடுவாங்க. எப்ப இருப்பாங்கன்னு புள்ளைகிட்ட கேட்டுட்டு போங்க, மொத தடவ போறப்போ குத்தம் சொல்லாதீங்க, முடிஞ்சா அவன் நல்லா பண்ற ஒரு விஷயத்தோட பேச்ச ஆரம்பிங்க.

காசிமேடு பக்கம் வேலைன்னா இன்னொரு கணக்கும் தெரிஞ்சிருக்கணும். ஏப்ரல் 15-ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் மீன்பிடி தடைக்காலம், விசைப்படகு எதுவும் கடலுக்கு போகாது, ஸ்கூல் தொறக்கறதும் கரெக்டா அந்த நேரம்தான். கையில காசே இல்லாத அந்த ரெண்டு வாரத்துல பையன் ஐஸ் ஒடைக்கற வேலைக்கு, வலை பின்னற வேலைக்குன்னு போயிருப்பான். அவன "படிப்புல ஆர்வம் இல்ல"ன்னு ரெஜிஸ்டர்ல எழுதிட்டா அந்த வருஷம் பூரா அதே பேருதான். 14 வயசுக்கு கீழ இருக்கறவன வேலைக்கு வைக்கறது சட்டப்படி குத்தம், அது வேற. அத அந்த அம்மாகிட்ட மிரட்டலா சொல்றத விட, அந்த ரெண்டு வாரத்த எப்படி தாண்டறதுன்னு அவங்களோட சேர்ந்து பாக்கறதுதான் உங்க வேலை, வேலைக்கு வச்சவன்கிட்ட பேச லேபர் டிபார்ட்மெண்ட் இருக்கு.

கூவம் கரையில இருந்து வீட்ட காலி பண்ணி அனுப்பற குடும்பங்க விஷயத்துல டி.சி ஒரு பெரிய தலவலி. பழைய ஸ்கூல் சிந்தாதிரிப்பேட்டையில இருக்கும், எமிஸ்ல, அதான் கவர்மெண்ட்டோட ஆன்லைன் ஸ்டூடண்ட் ரெக்கார்டுல, பேரும் அங்கயே இருக்கும், புது ஸ்கூல்ல டி.சி கொண்டா அப்புறம் பாக்கலாம்பாங்க, புள்ள மூணு மாசம் வீட்ல உக்காந்து அப்படியே நின்னுடும். 2009 கல்வி உரிமைச் சட்டப்படி எட்டாவது வரைக்கும் டி.சி லேட்டாகுதுன்னு அட்மிஷன நிறுத்த கூடாது, வயசு சர்டிஃபிகேட் இல்லன்னும் திருப்பி அனுப்ப கூடாது. "டி.சி கிழிச்சு குடுத்துடுவேன்"னு டீச்சருங்க மிரட்டறதும் எட்டாவது முடியற வரைக்கும் வெறும் மிரட்டல்தான், அந்த புள்ளைய வெளிய அனுப்ப சட்டத்துல எடமே இல்ல. இதெல்லாம் சண்டையா சொல்லாம எச்.எம்கிட்ட தனியா சொல்லுங்க, பல பேருக்கு நெஜமாவே தெரியாது. அப்பவும் நடக்கலன்னா 14417 கல்வி ஹெல்ப்லைன்.

இப்போ சொல்ல போறதுல மட்டும் தப்பு நடந்தா அதுக்கு மன்னிப்பே கெடையாது. ஒரு புள்ள வந்து "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க, சொல்றேன்"னு சொல்லும். சத்தியம் பண்ணாதீங்க. "உன்ன பாதுகாக்க தேவைப்பட்டா சில பேர்கிட்ட சொல்லியாகணும், யாருன்னு உன்கிட்ட சொல்லிட்டுதான் சொல்லுவேன்"னு மொதல்லயே சொல்லிடுங்க. பாலியல் தொல்லைன்னு தெரிய வந்தா, ஏன் சந்தேகம் வந்தாலே, 2012 போக்சோ சட்டப்படி போலீஸ்ல தெரிவிச்சே ஆகணும், தெரிஞ்சும் மறைச்சா ஆறு மாசம் வரைக்கும் ஜெயில், தனக்கு கீழ வேலை செய்யறவர் பண்ணத நிர்வாகத்துல இருக்கறவர் மறைச்சா ஒரு வருஷம் வரைக்கும். நல்ல எண்ணத்தோட சொன்னா உங்க மேல கேஸ் வராது, அதுக்கும் அதே சட்டத்துல பாதுகாப்பு இருக்கு.

ஆனா ஸ்கூல்ல என்ன நடக்கும்? மொதல்ல கிளாஸ் டீச்சர் கேப்பாங்க, அப்புறம் எச்.எம், அப்புறம் நம்பிக்கையான சீனியர் மிஸ் ஒருத்தங்க, கடைசில ஒரு பேப்பர குடுத்து எழுத சொல்லுவாங்க, குத்தம் சாட்டப்பட்ட ஆள எதிர்ல நிக்க வச்சு கேட்ட கொடுமையும் உண்டு. "ஸ்கூல் பேர் கெட்டுடும், உள்ளயே பேசி முடிச்சிடலாம்"னு ஒரு பஞ்சாயத்து. இதுல ஒரு ஸ்டெப்புக்கு கூட நீங்க உடந்தையா இருக்க கூடாது. புள்ள சொன்னத அது சொன்ன வார்த்தையிலயே நோட் பண்ணிக்கோங்க, தோண்டி தோண்டி கேக்காதீங்க, விசாரிக்கறது உங்க வேலை இல்ல. போலீஸ்ல சொல்லிட்டு 1098 குழந்தைகள் ஹெல்ப்லைனுக்கும் சொல்லுங்க, தேவைன்னா குழந்தைகள் நலக் குழு பாத்துக்கும். ஸ்டேட்மெண்ட் எடுக்கற போலீஸ் யூனிஃபார்ம்ல வர கூடாது, புள்ள இருக்கற எடத்துக்கோ அது விரும்பற எடத்துக்கோ வந்துதான் எடுக்கணும், முடிஞ்ச வரைக்கும் பொம்பள எஸ்.ஐதான் எடுக்கணும். இத பெத்தவங்களுக்கு சொல்லிட்டாலே பாதி பயம் போயிடும்.

ஸ்டாஃப் வாட்ஸப் குரூப்ல புள்ள பேரோட "கேஸ்"னு போடறது, டோனருக்கு அனுப்பறதுக்கு ஹோம் விசிட்ல செல்ஃபி எடுக்கறது, இதெல்லாம் வேணவே வேணாம். பாதுகாப்பு தேவைப்படற குழந்தையோட அடையாளத்த மீடியாவுல வெளிய விடறது சட்டப்படியே குத்தம், குரூப்ல போட்டா அது எங்க போய் நிக்கும்னு யாருக்கு தெரியும்.

அடுத்து, கைக்காசு. மனசு கேக்காதுதான், ஆனா நீங்க குடுக்கற 500 ரூபா அந்த வாரம் ஓடும், அடுத்த மாசம் அந்த அம்மா உங்கள பாத்தா கடன்காரன பாத்த மாதிரி ஒதுங்குவாங்க. அப்பா இல்லாத குடும்பம்னா மிஷன் வாத்சல்யாங்கற குழந்தைகள் பாதுகாப்பு திட்டத்தோட ஸ்பான்சர்ஷிப்ல மாசம் 4000 ரூபா வாங்க வழி இருக்கு, மாவட்ட குழந்தைகள் பாதுகாப்பு அலகுல அப்ளை பண்ணணும். நெறைய பேருக்கு கெடைக்காம போறது இறப்பு சான்றிதழ், வருமான சான்றிதழ், பேங்க் அக்கவுண்ட் இந்த மூணுலதான். இ-சேவை மையத்துக்கு ஒரு நாள் கூட போங்க, அதுதான் பெரிய உதவி. அதே மாதிரி பத்தாவது முடிச்ச பொண்ணுக்கு கல்யாணம் பேசறாங்கன்னு காதுல விழுந்தா சட்டத்த மட்டும் சொல்லாம புதுமைப் பெண் திட்டத்தையும் சொல்லுங்க, ஆறாவதுல இருந்து பன்னெண்டாவது வரைக்கும் கவர்மெண்ட் ஸ்கூல்ல படிச்சு காலேஜ் சேர்ந்தா மாசம் 1000 ரூபா. தேதியே குறிச்சிட்டாங்கன்னா பேசிட்டு இருக்காதீங்க, 1098.

படிக்க வராத பையன எடுத்தவுடனே ஸ்லோ லேர்னர்னு முத்திரை குத்தாதீங்க, போர்டு கண்ணுக்கு தெரியுதா, காது கேக்குதான்னு பாத்துட்டு மத்தத பேசலாம். மனநல டாக்டர்கிட்ட போகணும்னாலும் சொல்ற விதம் இருக்கு. நம்ம ஊர்ல "கீழ்ப்பாக்கத்துக்கு கூட்டிட்டு போங்க"ன்னு ஒரு அம்மாகிட்ட சொல்லி பாருங்க, அடுத்த நாள் ஸ்கூலையே மாத்திடுவாங்க. அங்க எதுக்கு போறோம், டாக்டர் என்ன கேப்பாங்க, மாத்திரை இல்லாமலும் சிகிச்சை இருக்குன்னு பொறுமையா சொல்லிட்டு மொத தடவ கூடவே போங்க.

ஃபீல்டு வொர்க்குக்கு வர்ற காலேஜ் பசங்களுக்கு ஒண்ணு. மார்ச்ல நீங்க போயிடுவீங்கன்னு ஆகஸ்ட்லயே புள்ளைங்ககிட்ட சொல்லிடுங்க, மனசு தொறந்து பேசின புள்ளைங்ககிட்ட கடைசி நாள் கேக் வெட்டி டாட்டா காட்டிட்டு போகாதீங்க. அடுத்து வர்றவங்களுக்கு எழுதி வைக்கறப்போ ரிப்போர்ட் மாதிரி பக்கம் பக்கமா வேணாம், எந்த அப்ளிகேஷன் எந்த ஆபீஸ்ல நிக்குது, அடுத்த ஹியரிங் எப்போ, அந்த வீட்ல யார்கிட்ட பேசினா காது குடுப்பாங்க, இவ்ளோ போதும். ஃபோன் நம்பர் ரெண்டு வாங்குங்க, ரீசார்ஜ் பண்ண முடியாம அம்மா நம்பர் அடிக்கடி மாறும், பாட்டி நம்பரோ சித்தி நம்பரோ மாறாது.