பழைய மந்திரத் தொடரைப் பிள்ளைகளுடன் பார்ப்பது எப்படி?

1964 முதல் 1972 வரை அமெரிக்காவின் ஏபிசி தொலைக்காட்சியில் ஒளிபரப்பான 'பிவிட்ச்ட்' தொடரின் முதல் இரண்டு பருவங்கள் கறுப்பு வெள்ளையில் இருப்பதால், பிள்ளைகளுக்கு அதை அறிமுகப்படுத்துவோர் வண்ணத்துக்கு மாறிய மூன்றாம் பருவத்திலிருந்து தொடங்கலாம். சாதாரண மனிதனை மணந்த சூனியக்காரியான சமந்தா, மூக்கை அசைத்தே வேலையை முடிப்பவள் என்று சொன்னால் கதை புரிந்துவிடும். ஆறாம் பருவம் முதல் கணவர் டாரினாக வேறு நடிகர் வருவதை மட்டும் முன்பே சொல்லிவிடுங்கள்.

பொருள்கள் மறையும் காட்சிகளில்தான் நிறுத்திப் பேச வேண்டும். நடிகர்கள் அசையாமல் நிற்க, கேமராவை நிறுத்திப் பொருளை அகற்றிவிட்டு, மீண்டும் படம்பிடித்து இரு துண்டுகளையும் இணைத்தார்கள். கைபேசியை ஒரு தாங்கியில் உறுதியாகப் பொருத்தினால், பிள்ளைகளே இதைச் செய்து பார்க்கலாம். குவளையை எடுக்கும்போது மேசை நகராமலும் வெளிச்சம் மாறாமலும் இருக்க வேண்டும் (மின்விசிறியையும் நிறுத்திவிடுங்கள், திரைச்சீலை ஆடினால் குட்டு வெளிப்பட்டுவிடும்).