பிரீமியரிலிருந்து ரிசால்வுக்கு மாறும்போது

2013-இல் அடோபி சந்தா முறைக்குப் போனபின், பணம் கட்டாவிட்டால் அதன் வீடியோ எடிட்டிங் மென்பொருளான பிரீமியர் இல்லை. ஊட்டி, குன்னூர் கல்யாண வீடியோ ஸ்டூடியோக்களுக்கு ஆடி மாதத்தில் கல்யாணமும் இல்லை, மழையும் விடாது. சந்தா மட்டும் ஓடும். டாவின்சி ரிசால்வ் என்ற இன்னொரு எடிட்டிங் மென்பொருளின் இலவசப் பதிப்பே பலருக்குப் போதும்: 4கே அல்ட்ரா எச்டி, நொடிக்கு 60 பிரேம் வரை எக்ஸ்போர்ட் செய்யலாம்.

முதலில் உங்கள் கேமராவின் ஒரு கிளிப்பைப் போட்டுப் பாருங்கள். 10 பிட் 4:2:2 (நிற விவரம் அதிகம் உள்ள) ஃபைல் என்றால், விண்டோஸில் ஓடும் ரிசால்வ் இலவசப் பதிப்பில் பெரும்பாலும் சத்தம் கேட்கும், படம் வராது. அதற்கு ரிசால்வின் கட்டணப் பதிப்பான ‘ஸ்டூடியோ’ வேண்டும். ஒரே முறை கட்டினால் போதும்.

பழைய வேலையைக் கொண்டுவர, பிரீமியரில் ஃபைனல் கட் எக்ஸ்எம்எல் (வெட்டுகளின் விவரம் உள்ள ஃபைல்) ஆக எக்ஸ்போர்ட் செய்து ரிசால்வில் டைம்லைனாக இம்போர்ட் செய்யுங்கள். வெட்டுகள் வந்துவிடும். டைட்டில், எஃபெக்ட்களை மறுபடி போட வேண்டியிருக்கும். பாதியில் நிற்கும் கல்யாணத்தைத் தயவுசெய்து மாற்றாதீர்கள், புதியதில் தொடங்குங்கள்.

கிளிப் போடும் முன்பே ப்ராஜெக்டின் பிரேம் ரேட்டை (நொடிக்கு எத்தனை பிரேம்) 25 என வையுங்கள். பிறகு மாற்ற விடாது. போனில் எடுத்ததில் பிரேம் ரேட் ஏறி இறங்கும்; ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் நிலையான பிரேம் ரேட்டுக்கு மாற்றாவிட்டால் உதடும் பேச்சும் விலகலாம்.

தொட்டபெட்டா மூடுபனி ஷாட்டில் கறுப்பை 0 வரை இழுக்காதீர்கள். 8 பிட் படத்தில் பனி பட்டை பட்டையாக உடையும். புள்ளி நீக்கும் நாய்ஸ் ரிடக்ஷன் ஸ்டூடியோவில் மட்டும்தான். இலவசத்தில் போட்டால் வாட்டர்மார்க் விழும்.

ரிசால்வில் ப்ராஜெக்ட் தனி ஃபைலாக இருக்காது, அதன் டேட்டாபேஸில் இருக்கும். மழைநாளில் கரன்ட் போகும் ஊர். தினமும் ப்ராஜெக்டை எக்ஸ்போர்ட் செய்து வேறு டிஸ்கில் வையுங்கள்.