பள்ளி பட்ஜெட்டில் கை வைக்கிறார்களா? கலிஃபோர்னியாவில் பிள்ளைகளைப் படிக்கவைக்கும் பெற்றோருக்கு

பிப்ரவரி பிறந்தால் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரே புலம்பல். லைப்ரரியனை வேலையிலிருந்து எடுக்கப்போகிறார்களாம், ஐந்தாம் வகுப்புக்கு மியூசிக் கிடையாதாம், பக்கத்துத் தெருப் பள்ளியையே மூடப்போகிறார்களாம். கொஞ்ச நாளில் வழவழ தாளில் ஒரு துண்டறிக்கை தபாலில் வரும், மெஷர் (மக்கள் ஓட்டுக்கு விடும் வரித் தீர்மானம்) இன்னதுக்கு ஆதரவு கொடுங்கள், நல்ல ஆசிரியர்களைக் காப்பாற்றுங்கள் என்று. பாதிப் பேர் படிக்காமலே குப்பையில் போடுகிறார்கள், மீதிப் பேர் படிக்காமலே "யெஸ்" போடுகிறார்கள். இரண்டுமே வேண்டாம். ஒரு சனிக்கிழமைக் காலை ஒதுக்கினால் போதும், உங்கள் பள்ளியின் காசு எங்கிருந்து வருகிறது, எங்கே ஓட்டை, இந்த வரி அந்த ஓட்டையை அடைக்குமா என்று நீங்களே பார்த்துவிடலாம்.

முதலில் உங்கள் ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட், அதாவது உங்கள் பகுதிப் பள்ளிகளை நடத்தும் அமைப்பு, எது என்று உறுதி செய்துகொள்ளுங்கள். சிரிக்க வேண்டாம், இதிலேயே பலர் குழம்புகிறார்கள். கூப்பர்டினோவில் பெரும்பாலான வீடுகளுக்கு எட்டாம் வகுப்பு வரை ஒரு டிஸ்ட்ரிக்ட், அதற்கு மேல் ஃப்ரீமான்ட் யூனியன் ஹை ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் என்று வேறொன்று. அதற்கும் ஃப்ரீமான்ட் ஊருக்கும் சம்பந்தம் இல்லை, அந்த ஊருக்கு ஃப்ரீமான்ட் யூனிஃபைடு தனியாக இருக்கிறது. தனித்தனி போர்டு (மக்கள் தேர்ந்தெடுக்கும் நிர்வாகக் குழு), தனித்தனி பட்ஜெட், தனித்தனி வரி. தப்பான போர்டு மீட்டிங்கில் போய் நின்றால் யாரும் திட்ட மாட்டார்கள், ஆனால் வந்த வேலை நடக்காது.

காசு ஏன் குறைகிறது?

கலிஃபோர்னியாவில் 1978-ல் வந்த ப்ரொபசிஷன் 13 (ப்ரொபசிஷன் என்றால் மாநிலம் முழுக்க மக்கள் ஓட்டுக்கு விடும் சட்டம்) தெரியாமல் இதில் ஒன்றும் புரியாது. வீட்டு வரி மதிப்பில் 1 சதவீதம்தான், அந்த மதிப்பும் வீடு கைமாறும் வரை வருடத்துக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏறக்கூடாது. அதனால் நாலு தெரு தள்ளி வீடு மூன்று மடங்கு விலைக்குப் போனாலும் பள்ளிக்கு அந்த அளவு காசு வராது. பள்ளிச் செலவில் பெரும்பங்கை மாநில அரசு எடுத்துக்கொண்டது. மாநில அரசின் வருமானமோ பெரிய சம்பளக்காரர்களின் வருமான வரியையும் பங்குச்சந்தை லாபத்தையும் நம்பி நிற்கிறது. உங்கள் கம்பெனி ஷேர் சரிந்த வருடம் உங்கள் பையனின் பள்ளியிலும் கை கடிக்கும், இது தற்செயல் இல்லை. 2012-ல் ஜெர்ரி பிரவுன் கவர்னராக இருந்தபோது ப்ரொபசிஷன் 30 மூலம் அதிக வருமானக்காரர்களுக்கு வரி ஏற்றினார்கள், 2016-ல் அதை 2030 வரை நீட்டினார்கள். பெரிய வணிகக் கட்டடங்களுக்கு மட்டும் சந்தை மதிப்பில் வரி போடலாம் என்று 2020-ல் ப்ரொபசிஷன் 15 வந்தது, மக்கள் தோற்கடித்துவிட்டார்கள். எனக்கு இன்னும் அந்தக் கடுப்பு தீரவில்லை.

மாநிலம் கொடுக்கும் காசு, எத்தனை பிள்ளைகள் பெயர் கொடுத்திருக்கிறார்கள் என்பதை வைத்து இல்லை, தினமும் சராசரியாக எத்தனை பேர் வந்தார்கள் என்பதை வைத்துத்தான். பிள்ளைகள் எண்ணிக்கை குறைந்துகொண்டே போகிறது: பிறப்பு குறைவு, வீட்டு வாடகை தாங்காமல் குடும்பங்கள் வெளியேறுவது. கூப்பர்டினோ மாதிரி ஊரிலேயே 2022-ல் ஆரம்பப் பள்ளிகளை மூடினார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். முந்தைய மூன்று வருடங்களின் சராசரியை வைத்துக்கொள்ளவும் மாநிலம் அனுமதிப்பதால் அடி உடனே தெரியாது, தள்ளித்தான் விழும். கொரோனா காலத்து மத்திய அரசுப் பணத்தின் கெடுவும் 2024 செப்டம்பரோடு முடிந்தது. அந்தப் பணத்தில் நிரந்தர வேலைக்கு ஆள் எடுத்த டிஸ்ட்ரிக்ட்கள்தான் இப்போது அதிகம் முழிக்கின்றன. இன்னொரு பக்கம் ஓய்வூதியச் செலவு. ஆசிரியர் ஓய்வூதியத்துக்கு டிஸ்ட்ரிக்ட் கட்டும் பங்கு சம்பளத்தில் 8.25 சதவீதமாக இருந்தது, 2014 சட்டத்துக்குப் பிறகு படிப்படியாக ஏறி 19.1 சதவீதத்தில் நிற்கிறது.

டிசம்பரில் ஊருக்குக் கிளம்பி, பொங்கல் முடித்துவிட்டுத்தான் திரும்பும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. பிள்ளை வராத பள்ளி நாட்களுக்குப் பள்ளிக்குக் காசு வராது. கிளம்பும் முன்பே ஆபீசில் இன்டிபென்டென்ட் ஸ்டடி ஒப்பந்தம் கேளுங்கள், கொடுத்த பாடங்களைப் பிள்ளை முடித்துத் தந்தால் அதை வருகையாகக் கணக்கில் எடுக்க முடியும். பாலோ ஆல்ட்டோ மாதிரி உள்ளூர் வீட்டு வரியே மாநிலக் கணக்கைத் தாண்டிவிடும் பணக்கார டிஸ்ட்ரிக்ட்களில் இதனால் வரவு மாறாது, மற்ற இடங்களில் மாறும்.

எப்போது வாய் திறக்க வேண்டும்

ஜூனில் பட்ஜெட் நிறைவேறும்போது போய்க் கத்துவதில் பிரயோஜனம் குறைவு, அதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். அடுத்த கல்வியாண்டில் வேலை இருக்காது என்று ஆசிரியர்களுக்கு முதல் நோட்டீஸ் மார்ச் 15-க்குள் போக வேண்டும், இறுதி நோட்டீஸ் மே 15-க்குள். ஆக யாரை, எந்தப் பிரிவை எடுப்பது என்ற முடிவு பிப்ரவரி கடைசி, மார்ச் முதல் வார மீட்டிங்கிலேயே ஓட்டுக்கு வந்துவிடும். அதற்கு முன்னால் டிசம்பர் 15-க்குள் போர்டு முதல் இடைக்கால நிதி அறிக்கையை ஏற்க வேண்டும், ஜனவரி 10-க்குள் கவர்னரின் பட்ஜெட் வரும். நீங்கள் பேச வேண்டிய காலம் டிசம்பர் முதல் பிப்ரவரி வரைதான்.

அந்த இடைக்கால அறிக்கையில் ஒரே ஒரு வார்த்தையைத் தேடுங்கள்: பாசிட்டிவ், குவாலிஃபைடு, நெகட்டிவ். இந்த வருடமும் அடுத்த இரண்டு வருடமும் சமாளிப்போம் என்றால் பாசிட்டிவ், சமாளிக்க முடியாமல் போகலாம் என்றால் குவாலிஃபைடு, முடியவே முடியாது என்றால் நெகட்டிவ். கடைசி இரண்டில் ஒன்று வந்தால் கௌண்டியின் (மாவட்டம் மாதிரி) கல்வி அலுவலகம் உள்ளே வரும். அதையும் தாண்டி முழுகினால் மாநிலம் கடன் கொடுத்து அதிகாரத்தையே எடுத்துக்கொள்ளும். 2003-ல் ஓக்லண்டில் அதுதான் நடந்தது, 10 கோடி டாலர் கடன், போர்டு பெயருக்கு மட்டும். ஆகவே வெட்டவே கூடாது என்று மட்டும் சொல்லிக்கொண்டிருக்காதீர்கள். வெட்டாமல் விட்டால் முடிவெடுக்கிற ஆள் மாறிவிடுவார்.

பட்ஜெட் கோப்பைத் திறப்பது

டிஸ்ட்ரிக்ட் வெப்சைட்டில் பிசினஸ் சர்வீசஸ் பக்கத்தில் இருக்கும். இருநூறு பக்கம் என்று பயப்பட வேண்டாம், ஃபண்ட் 01 என்ற பொது நிதியையும் மூன்று வருட முன்கணிப்புப் பக்கத்தையும் பார்த்தால் பாதி தெரிந்துவிடும். பொது நிதியில் இரண்டு பத்தி இருக்கும், ரெஸ்ட்ரிக்டட், அன்ரெஸ்ட்ரிக்டட். முதலாவது சிறப்புக் கல்வி போல இதற்குத்தான் செலவழிக்க வேண்டும் என்று முத்திரை குத்தி வந்த காசு. போர்டு உண்மையிலேயே கையாளக்கூடியது இரண்டாவது மட்டும். "இவ்வளவு கோடி வைத்துக்கொண்டு இல்லை என்கிறார்களே" என்று வாட்ஸ்அப்பில் வரும் தொகை பெரும்பாலும் இரண்டையும் சேர்த்ததாகத்தான் இருக்கும்.

செலவுப் பக்கத்தில் 1000-ல் தொடங்குவது ஆசிரியர் சம்பளம், 2000 மற்ற ஊழியர்கள், 3000 மருத்துவக் காப்பீடு, ஓய்வூதியம் போன்றவை, 4000 புத்தகம் சாமான், 5000 வெளியாட்களுக்குக் கொடுக்கும் வேலை. முதல் மூன்றைக் கூட்டினால் பெரும்பாலும் 80 சதவீதத்தைத் தாண்டும். அதனால்தான் "பேப்பர் செலவைக் குறையுங்கள்" என்ற யோசனையால் ஒன்றும் ஆகாது. 5800 என்ற வரியை மட்டும் மூன்று வருடத்துக்கு எடுத்து வரிசையாக வைத்துப் பாருங்கள், கன்சல்டன்ட் செலவு அங்கேதான் இருக்கும். பிள்ளைகள் குறைந்தும் அது ஏறிக்கொண்டே போனால் கேட்க நல்ல கேள்வி கிடைத்துவிட்டது. விவரம் தர மறுத்தால் பொது ஆவணச் சட்டப்படி எழுதிக் கேளுங்கள், ஆவணம் உண்டா இல்லையா என்று 10 நாளுக்குள் அவர்கள் பதில் சொல்ல வேண்டும்.

கடைசியாக ரிசர்வ், அதாவது கையிருப்பு. நடுத்தர அளவு டிஸ்ட்ரிக்ட்டுக்கு மாநிலம் கேட்கும் குறைந்தபட்சம் வருடச் செலவில் 3 சதவீதம். அது ஒரு மாதச் சம்பளத்துக்கே காணாது. ஆகவே 10 சதவீதம் வைத்திருப்பதைத் திருட்டு என்று சொல்ல முடியாது. 25 சதவீதம் வைத்துக்கொண்டு லைப்ரரியனை எடுக்கிறார்கள் என்றால் அப்போது சண்டை போடலாம்.

போர்டு மீட்டிங்கில் பேசுவது

வழக்கமான மீட்டிங்கின் அஜெண்டா 72 மணி நேரம் முன்பே வெளியாக வேண்டும், சட்டம். உங்கள் விஷயம் எத்தனையாவது என்று பார்த்து, அதன் எண்ணை எழுதிச் சீட்டைக் கொடுங்கள். அஜெண்டாவில் இல்லாததைப் பேசினால் கேட்டுக்கொள்வார்கள், விவாதிக்கவோ முடிவெடுக்கவோ சட்டம் விடாது. பல இடங்களில் மூன்று நிமிடம், கூட்டம் அதிகமானால் இரண்டு அல்லது ஒன்று என்று குறைப்பார்கள், அதனால் ஒரு நிமிடத்தில் சொல்லி முடிக்கும்படி எழுதிக்கொண்டு போங்கள். அழகான முன்னுரை எல்லாம் வேண்டாம். "என் மகள் இந்தப் பள்ளியில் நாலாம் வகுப்பு. நீங்கள் எடுக்கப்போகும் லைப்ரரியன் பதவிகளால் இவ்வளவு மிச்சம் என்கிறது உங்கள் அறிக்கை. அதே அறிக்கையில் 5800-ல் இதைவிட அதிகம் ஏறியிருக்கிறது. அதை முதலில் விளக்குங்கள், அதுவரை இந்த ஓட்டெடுப்பைத் தள்ளிவையுங்கள்." அவ்வளவுதான். பதினைந்து பேர் ஒரே கதையைச் சொல்வதைவிட மூன்று பேர் மூன்று எண்ணோடு பேசினால் நிதி அதிகாரி குறிப்பெடுக்க ஆரம்பிப்பார். இன்னொன்று, நம் ஆட்கள் கணக்கில் மேல் வகுப்புப் பாடத்தை முன்கூட்டியே நடத்தும் வகுப்புக்காக மட்டும்தான் மீட்டிங்குக்கு வருவார்கள் என்று போர்டுகளில் ஒரு பெயர் இருக்கிறது. பிள்ளைகளுக்கு ஆலோசனை சொல்லும் பள்ளி கவுன்சலர் பதவிக்காகவும் சிறப்புக் கல்விக்காகவும் போய்ப் பேசினால் அது மாறும்.

வரி மெஷர் வந்தால்

இதுதான் முக்கியமான இடம். இரண்டு வகை இருக்கிறது, இரண்டும் வேறு வேறு. பாண்ட் என்பது கட்டடக் கடன். கூரை, கழிவறை, ஏசி, புது லேப் எல்லாம் வரும், ஆசிரியர் சம்பளம் வராது, சட்டமே தடுக்கிறது. அந்தக் காசு ஃபண்ட் 21-க்குப் போகும், பொது நிதிக்கு வராது. வீடு கட்ட வாங்கிய கடனில் மளிகை வாங்க முடியாது என்கிற கதைதான். ஆகவே "ஆட்களை வேலையிலிருந்து எடுக்கிறார்கள், ஆனால் புது ஜிம் கட்டுகிறார்கள்" என்று கோபப்படும் முன் எந்தப் பெட்டியின் காசு என்று பாருங்கள். அதே நேரம், பாண்டுக்கு ஓட்டுக் கேட்டு வரும் துண்டறிக்கையில் நல்ல ஆசிரியர்களைத் தக்கவைக்க என்று எழுதியிருந்தால் அதை நம்பாதீர்கள். சம்பளத்துக்கு உதவுவது இரண்டாவது வகையான பார்சல் டாக்ஸ்தான், அதாவது ஒவ்வொரு மனைக்கும் (பார்சல்) போடும் வரி.

ஜெயிக்கத் தேவையான ஓட்டும் வேறு. 2000-ல் வந்த ப்ரொபசிஷன் 39-க்குப் பிறகு பாண்டுக்கு 55 சதவீதம் போதும். டிஸ்ட்ரிக்ட் கொண்டுவரும் பார்சல் டாக்ஸுக்கு மூன்றில் இரண்டு பங்கு வேண்டும், 66 சதவீதம் வந்தால்கூடத் தோல்வி. லாஸ் ஏஞ்சலஸில் 2019 ஜனவரியில் ஆசிரியர் வேலைநிறுத்தம் நடந்தபோது ஊரே அவர்கள் பக்கம் நின்றது. அதே ஜூனில் மெஷர் ஈஈ என்று வரி கேட்டார்கள், பாதிக்கும் குறைவான ஓட்டு. அனுதாபம் வேறு, பர்ஸைத் திறப்பது வேறு.

உங்கள் வீட்டுக்கு எவ்வளவு? பாண்டுக்கு வரிமதிப்பில் ஒரு லட்சம் டாலருக்கு இவ்வளவு என்று போட்டிருப்பார்கள். 48 டாலர் என்று வைத்துக்கொள்வோம். போன வருடம் 1.5 மில்லியனுக்கு வீடு வாங்கிய நீங்கள் வருடத்துக்கு 720 டாலர் கட்டுவீர்கள். பக்கத்து வீட்டில் அதே அளவு வீட்டை எப்போதோ வாங்கி, வரிமதிப்பு 4 லட்சத்தில் நிற்கும் தாத்தா 192 டாலர் கட்டுவார். பார்சல் டாக்ஸ் 250 டாலர் என்றால் இரண்டு பேருக்கும் 250தான், ஒரே பார்சலில் நிற்கும் பெரிய ஷாப்பிங் மாலுக்கும் 250தான். வணிகக் கட்டடத்துக்குத் தனி விகிதம் போட்ட அலமீடா டிஸ்ட்ரிக்ட்டின் வரியை 2013-ல் நீதிமன்றம் ஏற்கவில்லை. சதுர அடிக் கணக்கில் போட்டால் மால் அதிகம் கட்டும், உங்கள் டிஸ்ட்ரிக்ட் ஏன் அப்படிப் போடவில்லை என்று கேட்கலாம். எல்லோருக்கும் ஒரே தொகை என்கிற வரி எனக்குப் பிடிக்காது, இருந்தும் பெரும்பாலும் ஆதரிக்கிறேன், ஏனென்றால் அந்தக் காசு உள்ளூரிலேயே நிற்கும், மாநிலம் எடுக்க முடியாது.

ஓட்டுச்சீட்டோடு வரும் புத்தகத்தில் விளம்பர வாசகத்தை விட்டுவிட்டு, கௌண்டி வக்கீலின் நடுநிலை விளக்கத்தையும் பின்னால் பொடி எழுத்தில் உள்ள முழு வாசகத்தையும் படியுங்கள். எத்தனை வருடம், வருடாவருடம் ஏறுமா, பழைய வரியின் தொடர்ச்சியா அதன் மேல் இன்னொன்றா, நிர்வாகச் சம்பளத்துக்குத் தடை உண்டா, மேற்பார்வைக் குழு உண்டா. இந்த ஐந்துக்கும் பதில் தெரிந்தால் முடிவெடுக்கலாம்.

ஓட்டு இல்லாதவர்கள்

ஹெச்-1பி, கிரீன் கார்டு வைத்திருப்பவர்களுக்கு இந்த மெஷர்களில் ஓட்டுக் கிடையாது. சான் ஃபிரான்சிஸ்கோவில் குடியுரிமை இல்லாத பெற்றோர் பள்ளி போர்டு தேர்தலில் ஓட்டுப் போட 2016-ல் வழி செய்தார்கள், அது வரி மெஷருக்குப் பொருந்தாது. டிஎம்வி-யில் (டிரைவிங் லைசென்ஸ் அலுவலகம்) படிவம் நிரப்பும்போது வாக்காளர் பதிவுக் கட்டத்தில் தெரியாமல் டிக் அடித்துவிடாதீர்கள், பின்னால் குடியுரிமை விண்ணப்பத்தில் பெரிய தலைவலி. ஹெச்-1பி-யில் இருப்பவர்கள் மெஷர் பிரசாரக் குழுவுக்கு நன்கொடையும் கொடுக்கக் கூடாது. பள்ளியின் பிடிஏ-வுக்கோ எஜுகேஷன் ஃபவுண்டேஷனுக்கோ தாராளமாகக் கொடுக்கலாம். மீட்டிங்கில் பேச, மெயில் எழுத, சம்பளம் வாங்காமல் வீடு வீடாகப் போய் நோட்டீஸ் கொடுக்க யாரும் தடுக்கப்போவதில்லை. அதோடு, குடியுரிமை வாங்கியும் ஓட்டுப் பதிவு செய்யாமல் இருக்கும் நண்பர்கள் ஒவ்வொரு தமிழ்ச் சங்கத்திலும் நிறையப் பேர் இருக்கிறார்கள். மூன்றில் இரண்டு பங்கு தேவைப்படும் சிறப்புத் தேர்தலில் ஓட்டுப் போடுகிற ஆட்களே குறைவு, அவர்களைப் பிடித்தால் போதும்.

மெஷர் ஜெயித்துவிட்டால், பாண்டுக்கு மக்கள் மேற்பார்வைக் குழு கட்டாயம் இருக்க வேண்டும், அதற்குப் பெரும்பாலும் ஆள் கிடைக்காமல் தேடிக்கொண்டிருப்பார்கள். ஆடிட், பிராஜெக்ட் மேனேஜ்மென்ட் தெரிந்தவர்கள் விண்ணப்பியுங்கள். வீடு அப்பா அம்மா பெயரில் இருந்து, அவர்களும் அதிலேயே குடியிருந்து, 65 வயது தாண்டியிருந்தால் பல டிஸ்ட்ரிக்ட்களில் பார்சல் டாக்ஸிலிருந்து விலக்கு உண்டு. தானாகக் கழிக்க மாட்டார்கள், படிவம் கொடுக்க வேண்டும், சில இடங்களில் ஒவ்வொரு வருடமும். கெடு எப்போது என்று டிஸ்ட்ரிக்ட் ஆபீசுக்கு இப்போதே போன் போட்டுக் கேட்டுவிடுங்கள்.