பக்கத்து மனையில் பாறை வெடியா? டேங்கின் காலடியைப் பாருங்கள்

பல்லாவரம், திரிசூலம் பக்கம் அஸ்திவாரம் தோண்டினால் பல இடங்களில் சார்னோகைட் பாறை தட்டும். பிரேக்கருக்கு லேசில் மசியாது, வெடி வைத்துவிடுவார்கள். பக்கத்து மனையில் அப்படி வெடித்த நாட்களில், நான் பார்த்துவந்த ஃபர்னஸ் ஆயில் டேங்கின் ஷெல்லையே, அதாவது பக்கச் சுவரையே, தினமும் சுற்றிவந்தேன். அதற்கு ஒன்றும் ஆகவில்லை. கசிந்தது கீழே, எண்ணெய் வெளியேறும் பைப் டேங்கோடு சேரும் குட்டைக் குழாயில், அதாவது அவுட்லெட் நாசில் வெல்டில்.

டேங்க் உட்கார்ந்திருப்பது மணல் மெத்தையில். அதிர அதிர மணல் இறுகி ஒரு பக்கம் தாழும். பைப்போ தன் சப்போர்ட்டில் அப்படியே நிற்கும். இழுபடுவது நாசிலின் கழுத்துதான். எண்ணெய் உள்ளே அலையடித்து உடைக்குமோ என்று பயப்பட வேண்டாம். 10 மீட்டர் விட்டமுள்ள டேங்கில் எண்ணெய் ஒருமுறை ஆடித் திரும்ப 3 நொடிக்கு மேல் ஆகும். வெடி அதிர்வு பெரும்பாலும் நொடிக்குப் பத்துத் தடவைக்கு மேல். இரண்டும் ஒத்துப்போகாது.

சரி, முதல் வெடிக்கு முன்பே டேங்கைச் சுற்றி 8 இடத்தில் பெயிண்ட் குறி போட்டு, ஆட்டோ லெவல் என்ற சர்வே கருவியில் உயரம் எடுத்து, போட்டோவும் தேதியுமாக வையுங்கள். நாங்கள் செய்யவில்லை. "இது பழைய விரிசல்" என்று எதிர்த்தரப்பு சொன்னபோது காட்ட ஒரு தாள்கூட இல்லை. இன்றும் அது உறுத்துகிறது.

வெடி வைப்பவரிடம் ஒரு டிலேக்கு (துளைகளைச் சிறு இடைவெளி விட்டு வெடிக்கும்போது ஒரு தடவைக்கு) எத்தனை கிலோ மருந்து என்று கேளுங்கள். மொத்தக் கிலோவை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. டிலே அளவை நாலில் ஒன்றாக்கினால் தூரம் இரண்டு மடங்கான மாதிரி அதிர்வு குறையும். அதிர்வுமானியை அடித்தளத்தை ஒட்டித் தரையில் பதியுங்கள், ஷெல்லில் ஒட்டாதீர்கள். சுரங்கப் பாதுகாப்பு இயக்ககத்தின் 1997 சுற்றறிக்கை, அடுத்தவர் தொழிற்கட்டடங்களுக்கு அதிர்வு 8 ஹெர்ட்ஸுக்குக் (நொடிக்கு 8 தடவை) கீழே என்றால் தரை ஆடும் வேகம் நொடிக்கு 10 மி.மீ. வரை, 8 முதல் 25 வரை 20, அதற்கு மேல் 25 என்கிறது. அது கட்டடத்துக்கு எழுதியது. அடித்தகடு துருப்பிடித்த பழைய டேங்க் என்றால், 10 தாண்டினாலே நான் வேலையை நிறுத்தச் சொல்வேன்.

ஒவ்வொரு வெடிக்கும் அப்புறம் குனிந்து பாருங்கள். டேங்க் தாழ்ந்திருந்தால் அடித்தகட்டு ஓரத்துத் தார்ப்பூச்சில் முடி மாதிரி ஒரு கோடு ஓடும். எண்ணெய் ஈரம் இருந்தால் அதில் தூசி ஒட்டிக் கறுத்திருக்கும். லெவலையும் மறுபடி எடுத்து ஒப்பிடுங்கள். நாசில் வெல்டில் சந்தேகம் என்றால் பெர்மிட் வாங்கி, பெயிண்டைச் சுரண்டித் துடைத்து, டிபி (டை பெனிட்ரன்ட்) டெஸ்ட் செய்யுங்கள்: சிவப்புச் சாயம் ஊறியதும் துடைத்து வெள்ளை டெவலப்பர் அடித்தால், விரிசல் சிவப்பாக எழும்.

கசிவு நாசில் வெல்டில் என்றால் வால்வை மூடிப் பயனில்லை, கசிவு வால்வுக்கு முன்னாலேயே இருக்கிறது. எண்ணெயை வேறு டேங்குக்கு மாற்றுங்கள். உள்ளே எரியும் வாயு இல்லை என்ற கேஸ் ஃப்ரீ சான்று கைக்கு வரும்வரை வெல்டரை உள்ளே விடாதீர்கள்.