மூணாறு உறைபனியும் கேரவன் குழாயும்

"கேரளாவில் தண்ணீர் உறையுமா?" போடிமெட்டு ஏறும்போது எல்லோரும் இதைத்தான் கேட்கிறார்கள். டிசம்பர், ஜனவரியில் மூணாறுக்கு மேலே செண்டுவாரை, லட்சுமி எஸ்டேட் பக்கம் விடியற்காலையில் பூஜ்யம் டிகிரிக்குக் கீழே இறங்கும் நாட்கள் உண்டு. புல்லின் மேல் உப்புத் தூவியதுபோல் வெள்ளை படியும். தேயிலைக் கொழுந்தே கருகும்போது, கேரவனுக்கு அடியில் ஓடும் குழாய் மட்டும் தப்புமா?

பெரிய தவறு, தண்ணீர் ஹோஸை இரவு முழுக்க வெளிக் குழாயில் மாட்டி விடுவது. நானும் செய்தேன். காலை ஆறரைக்குப் பிரஷும் கையுமாக நின்றால் ஒரு சொட்டு வரவில்லை. ஹோஸைத் தூக்கினேன், கம்பு மாதிரி விறைத்திருந்தது. சரி, வெயில் வந்தால் இளகிவிடும் என்று விட்டுவிட்டேன். ஒன்பது மணிக்கு வண்டிக்கடியில் சொட்டுச் சத்தம். குழாய் வளையும் எல்போவில் மயிரிழை விரிசல்! தண்ணீர் உறைந்தால் ஏறக்குறைய 9 சதவீதம் பருமன் கூடும். நாலு பக்கமும் அடைத்த குழாயில் அது எங்கே போகும்? கட்டியாக இருக்கும்வரை விரிசலை அதுவே அடைத்துக்கொள்ளும். உருகினால்தான் குட்டு வெளிப்படும்.

ஆகவே மாலையிலேயே உள் டேங்கை நிரப்பி, ஹோஸைக் கழற்றி வடித்து, சுருட்டி உள்ளே வையுங்கள். படுக்கும்முன் பம்பை அணைத்து, ஒரு குழாயைத் திறந்து அழுத்தத்தை இறக்கிவிடுங்கள். சிங்குக்கு அடியில் உள்ள அலமாரிக் கதவும் திறந்தே இருக்கட்டும். அறையின் சூடு குழாய்க்கும் போக வேண்டுமே.

கழிவுநீர் வால்வைத் திறந்தே வைப்பவர்களும் உண்டு. கொஞ்சம் கொஞ்சமாக வடியும் நீர் குழாயில் படலம் படலமாக உறைந்து, காலையில் மொத்தமாக அடைத்துக்கொள்ளும். மூடி வைத்து, டேங்க் நிறைந்ததும் அதற்கான இடத்தில் ஒரேயடியாகத் திறந்துவிடுங்கள். ஓடையில் வேண்டாம், கீழே லயங்களில் (எஸ்டேட் தொழிலாளர் வரிசை வீடுகள்) ஆள் இருக்கிறார்கள்.

உறைந்த குழாய்க்கு கேஸ் டார்ச் காட்டாதீர்கள். குழாய் பிளாஸ்டிக், மேலே பிளைவுட். தண்ணீர்க் குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு ஹேர் டிரையரால் மெதுவாக இளக்கினால் போதும். அப்புறம், தண்ணீர் உறையாமல் இருக்க ரேடியேட்டர் கூலன்ட்டை டேங்கில் கொஞ்சம் ஊற்றலாமே என்று எங்கள் டிரைவர் கேட்டார். அதில் பொதுவாக இருக்கும் எத்திலீன் கிளைகால் விஷம். அந்தப் பேச்சே கூடாது.

நிறுத்தும் இடத்தையும் பாருங்கள். குளிர்காற்று கனம் என்பதால் பள்ளத்தில் போய்த் தங்கும். ஓடைக்கரை அழகுதான், ஆனால் முதலில் உறைவதும் அங்கேதான். வெள்ளை எங்கே விழும் என்று எஸ்டேட் ஆட்களைக் கேட்டால், கையை நீட்டியே காட்டிவிடுவார்கள்.